மிஸ் ரோ வேலை பார்ப்பதில்லை

அனுப்புநர்:
ரோவினா ஸ்டாம்பர்,
ஆசிரியை, நான்கு வயது வகுப்பு,
லாரல் ஃபோர்க் மழலையர் பள்ளி,
தேவாலயக் கீழ்த்தளம், லாரல் ஃபோர்க்,
டன்மூர் மாவட்டம், மேற்கு விர்ஜீனியா.

பெறுநர்:
திரு. ஆல்டன் புரூவிட் அவர்கள்,
இயக்குநர்,
மழலை ஆசிரியர் மேற்படிப்பு ஊக்கத்தொகைத் திட்டம்,
டன்மூர் மாவட்டக் கிளை.

பொருள்: நான் ஆசிரியையாக வேலை பார்க்கவில்லை என்று முடிவு செய்து திட்டத்திலிருந்து நீக்கியதை ரத்து செய்யக் கோருதல், அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஊழியர் யார் என்பதைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 21.07.2025.
2. தங்கள் அலுவலகத்தின் தொலைபேசி விசாரணைப் பதிவு, நாள் 09.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். இந்த ஒரு வரியை எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தங்கள் கடிதம் என்னை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

2. இந்தப் பள்ளியில் நான் சமையலுக்குத்தான் சேர்ந்தேன். ஒரு பிப்ரவரி மாதம், பனியில் சாலை மூடி இரண்டு ஆசிரியைகள் வர முடியாமல் போயிற்று. இத்தனை குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. பீன்ஸ் வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வகுப்புக்குள் போனேன். அதன்பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை. அன்று மதியம் பீன்ஸ் பாதி வேக்காட்டில் பரிமாறப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

3. மழலையர் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைகளுக்கு மட்டுமேயான தங்கள் திட்டத்தில் நாற்பத்து நான்காவது வயதில் சேர்ந்தேன். வாரம் இரண்டு மாலை, போக நாற்பது மைல் வர நாற்பது மைல், கல்லூரிக்குக் கார் ஓட்டிச் சென்று படிக்கிறேன். கட்டணமும் புத்தகமும் திட்டத்தின் பொறுப்பு. ஒவ்வொரு பருவமும் தேறினால் ஊக்கத்தொகையும் உண்டு. முதல் ஊக்கத்தொகை வந்தபோது அதில் காருக்கு நல்ல டயர்களாக வாங்கிப் போட்டேன். மலைப்பாதையில் அந்த டயர்கள்தான் என்னைப் படிக்கக் கொண்டுபோய்க் கொண்டுவந்தன. இதற்காகத் தங்கள் அலுவலகத்துக்கு நான் என்றும் நன்றி உடையவள். ஆறு பருவங்கள் முடித்துவிட்டேன். பாக்கியிருப்பது ஒன்றே ஒன்று, பயிற்சிப் பருவம். அது ஆகஸ்ட் 18 அன்று தொடங்குகிறது.

4. ஜூலை 24 வியாழக்கிழமை தங்கள் கடிதம் கிடைத்தது. பயிற்சிப் பருவத்துக்கான ஒப்புதல் என்று நினைத்து, அஞ்சல் அலுவலக வாசலிலேயே, காரில் உட்கார்ந்து பிரித்தேன். "மேற்படி நபர் ஆசிரியராகப் பணிபுரியவில்லை என்பதும், எக்காலத்திலும் பணிபுரிந்ததில்லை என்பதும் பள்ளி ஊழியர் ஒருவர் மூலம் உறுதி செய்யப்பட்டது" என்று இருந்தது. தவறான தகவல் கொடுத்ததற்காக மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது என்றும் இருந்தது. ஐயா, காரைக் கிளப்பக்கூடத் தோன்றவில்லை. எக்காலத்திலும் என்ற சொல்லையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் குழந்தைகளுக்குப் பழச்சாறு செய்ய வாங்கிய ஐஸ் கட்டி பின் இருக்கையில் முழுவதும் உருகி ஓடியது. அதுகூட எனக்குத் தெரியவில்லை.

5. இங்கே நான் செய்த ஒரு பாவத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஊழியர் எங்கள் பள்ளியின் பொறுப்பாளர் திருமதி வெர்னா டாக்கெட் என்று நான் நினைத்துவிட்டேன். கல்லூரிக்காக நான் செவ்வாய்க்கிழமைகளில் அரை மணி முன்னதாகக் கிளம்புவதில் எங்களுக்குள் வசந்த காலத்தில் ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை காலை கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார். "ரோ, உன்ன வேலைய விட்டு அனுப்பணும்னா உன் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லுவேன். போன்ல ஒளிஞ்சு நின்னா சொல்லுவேன்? இத்தன வருஷத்துல என்னத் தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதானா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான்.

6. அந்த ஊழியர் யார் என்று தெரிந்துகொள்ள, விசாரணைப் பதிவின் நகலைக் கேட்டு இருவருமாக அன்றே தங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினோம். அது இம்மாதம் 29 அன்று வந்து சேர்ந்தது. கேட்டவுடன் அனுப்பி வைத்தமைக்கு நன்றி. அதை வரிக்கு வரி கீழே தருகிறேன். முதல் மூன்று அழைப்புகளை யாரும் எடுக்கவில்லை என்றும், நான்காவது அழைப்பு ஜூலை 9 புதன்கிழமை பிற்பகல் 1:10க்கு எடுக்கப்பட்டது என்றும் பதிவு சொல்கிறது.

ஊழியர்: லாரல் ஃபோர்க் மழலையர் பள்ளி. நான் ஹேஸல் ஆன் கோம்ப்ஸ் பேசுறேன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?
அலுவலர்: ரோவினா ஸ்டாம்பர்னு ஒருத்தர் அங்க ஆசிரியையா வேலை பார்க்கிறாங்களா?
ஊழியர்: மிஸ் ரோவா? அவங்க வேலையெல்லாம் பார்க்க மாட்டாங்க.
அலுவலர்: முன்னாடி பார்த்திருக்காங்களா?
ஊழியர்: எப்பவுமே பார்த்ததில்ல. சும்மா விளையாடத்தான் வருவாங்க.
அலுவலர்: இப்போ அங்க இருக்காங்களா?
ஊழியர்: இருக்காங்க. தரையில படுத்திருக்காங்க.
அலுவலர்: நீங்க அங்க எவ்வளவு நாளா இருக்கீங்க?
ஊழியர்: ரெண்டு வருஷமா. அடுத்த மாசம் போயிடுவேன்.
அலுவலர்: சரிங்க, ரொம்ப நன்றி.
ஊழியர்: கூப்பிட்டதுக்கு நன்றி. உங்க நாள் நல்லா இருக்கட்டும்.

இதன் அடியில் தங்கள் அலுவலர் தம் கைப்பட மூன்று குறிப்புகள் எழுதியிருக்கிறார். "ஊழியர் தணிந்த குரலில், மிகுந்த மரியாதையுடன், தெளிவாகப் பதிலளித்தார். நம்பத்தக்கவர். மேற்படி நபர் பணி நேரத்தில் தரையில் படுத்திருப்பதாகத் தகவல்."

7. ஐயா, ஹேஸல் ஆன் கோம்ப்ஸ் எங்கள் ஊழியர் அல்ல. அவளுக்கு வயது நான்கே முக்கால்.

8. நகலைப் படித்துவிட்டு வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. என் கணவர் டுவைட் மாலையில் படித்துவிட்டு, "ஏம்மா, பத்தொம்பது வருஷமா விளையாடிட்டுத்தான் வந்தியா? அப்புறம் எதுக்கு அலமாரி நிறைய முதுகுவலி மாத்திரை?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷியின் மூன்று வருடப் படிப்பு ஒரு நிமிடத் தொலைபேசிப் பேச்சில் கவிழ்ந்துபோகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

9. இது எப்படி நடந்தது என்பதை உள்ளது உள்ளபடி விளக்குகிறேன். பிற்பகல் 12:45 முதல் 2:15 வரை குழந்தைகள் தூங்கும் நேரம். அந்த நேரத்தில் தொலைபேசியின் மணியை நிறுத்திவிடுவோம். எந்த மழலையர் பள்ளியிலும் வழக்கம் இதுதான். ஒரு மணி அடித்தால் பதினாறு குழந்தைகள் எழுவார்கள், பிறகு அன்றைய மாலை முழுவதும் யாருக்கும் நிம்மதி இருக்காது. தங்கள் அலுவலகம் கூப்பிட்ட நான்கு தடவையும் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்தான். தங்களுக்கு அது மதிய உணவு முடிந்து சற்று ஓய்வான நேரமாக இருக்கலாம். எங்களுக்கு அது மூச்சைக்கூட மெதுவாக விடுகிற நேரம்.

10. ஹேஸல் தூங்காத குழந்தை. சத்தம் போடாமல் படப் புத்தகம் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. அன்று தொலைபேசி அவளுக்குப் பக்கத்திலிருந்த தாழ்வான அலமாரியில் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு மின்னியிருக்கிறது, எடுத்துவிட்டாள். நான் அறையின் மறுகோடியில், இரண்டு புதுக் குழந்தைகளுக்கு நடுவே தரையில் படுத்து, ஒரு கையால் ஒருவன் முதுகையும் மறு கையால் இன்னொருத்தி முதுகையும் தட்டிக்கொண்டிருந்தேன். ஆக, தரையில் படுத்திருந்தது உண்மை. வெர்னா சமையலறையில் இருந்தார்.

11. இனி என் பங்குக் குற்றம். அந்த வாரம் எங்கள் வகுப்பில் தொலைபேசி வாரம். எடுத்தவுடன் பள்ளியின் பெயரைச் சொல்ல வேண்டும், தன் முழுப் பெயரையும் சொல்ல வேண்டும், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், முடிவில் நன்றி சொல்ல வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பொம்மைத் தொலைபேசி உடைந்துபோனதால் பள்ளியின் தொலைபேசியைக் கொடுத்தே பழக்கினேன். பயிற்சி முடிந்ததும் அதை உயரத்தில் எடுத்து வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். தூக்க நேரத்தில் கிசுகிசுத்துப் பேசவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தங்கள் அலுவலர் தணிந்த குரல் என்று மெச்சியது அதைத்தான். என் மேல் இவ்வளவு பெரிய இடி விழுந்த தாளில் என் மாணவிக்கு இப்படி ஒரு நற்சான்று இருப்பதைப் பார்த்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

12. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். விடியும் முன் கிளம்பி, கால் வீங்கி வீடு திரும்புகிறார். வேலை என்றால் ஹேஸலுக்கு அதுதான். நான் தரையில் தவழ்கிறேன், மண்ணில் கேக் செய்கிறேன், தவளை மாதிரி கத்துகிறேன். அவள் கண்ணுக்கு அது எப்படி வேலையாகும்? இரண்டு கட்டைகளை அவள் ஒன்றாக அடுக்கும்போது கூட்டல் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் நான் கெட்டிக்கார ஆசிரியை இல்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தாங்கள் பணம் கட்டிப் படிக்க வைத்த அதே கல்லூரி. இரண்டாம் பருவம், முதல் பாடம். அந்தப் பாடத்தில் நான் முதல் தரத்தில் தேறியதற்கான தாள் தங்கள் கோப்பிலேயே இருக்கும்.

13. எனக்கு உண்மையில் தாங்க முடியாமல் இருப்பது இதுதான். நான்கு வயதுக் குழந்தை எங்களைப் பார்த்து விளையாடுகிறார்கள் என்று நினைப்பது நியாயம். பெரியவர்கள் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய ஒரு கடிதத்திலும் அதையே நினைத்திருக்கிறார்கள். விளையாட வருகிறாள் என்று காதில் விழுந்ததும், மழலையர் பள்ளி ஆயிற்றே, இன்னொரு கேள்வி கேட்போம் என்று அந்த அறையில் ஒருவருக்குமா தோன்றவில்லை? நம்பினார்கள். அவ்வளவு சுலபமாக நம்பினார்கள். அன்றிலிருந்து எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

14. கல்லூரி என் இடத்தை ஆகஸ்ட் 12 மாலை ஐந்து மணி வரைதான் வைத்திருக்கும். அதற்குள் தங்கள் ஒப்புதல் போய்ச் சேராவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பயிற்சிப் பருவம் அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது. இதைத் தவறவிட்டால் பட்டம் என்பது எனக்கு இனி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இன்னொரு முறை தொடங்க இந்த முதுகுக்கும் அந்தக் காருக்கும் தெம்பு கிடையாது.

15. ஆகவே தங்களை நான் வேண்டிக்கொள்வது: 21.07.2025 நாளிட்ட நீக்க உத்தரவையும் மூன்றாண்டுத் தடையையும் ரத்து செய்து, ஆகஸ்ட் 12க்கு முன் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். இனி எந்த மழலையர் பள்ளியையும் தூக்க நேரத்தில் அழைக்க வேண்டாம் என்று தங்கள் அலுவலர்களுக்குச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் தாங்களே ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நேரில் வாருங்கள். பெரிய நாற்காலி எங்களிடம் ஒன்றுதான், அது வெர்னாவுடையது. தாங்கள் சின்ன நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும்.

16. கடைசியாக ஒன்று. விசாரணை என்ற பெயரில் யாரும் ஹேஸலைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம். அவளால்தான் மிஸ் ரோவுக்குக் கஷ்டம் வந்தது என்று அவளுக்குத் தெரியவே கூடாது. உண்மையைச் சொன்னால் கெட்டது நடக்கும் என்று அவள் கற்றுக்கொண்டுவிடுவாள். அப்படி ஒன்றை என் வகுப்பில் அவள் கற்றுக்கொண்டு போவதைவிட எனக்கு அந்தப் பட்டமே வேண்டாம். அவள் பதிவில் சொன்னபடியே, ஆகஸ்ட் 15 அன்று எங்களை விட்டுப் பெரிய பள்ளிக்குப் போகிறாள்.

பன்னிரண்டாம் தேதிக்குள் தங்களிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று வழி பார்த்திருக்கிறேன்.

இடம்: லாரல் ஃபோர்க்
நாள்: 31.07.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ரோவினா ஸ்டாம்பர்

இணைப்புகள்:
1. பத்தொன்பது ஆண்டுகளின் வருகைப் பதிவேட்டுச் சுருக்கம், வெர்னா டாக்கெட் கையொப்பத்துடன்.
2. ஆறு பருவ மதிப்பெண் சான்றுகள்.
3. ஹேஸலின் தாயார் தந்த அனுமதிக் கடிதம், குழந்தையின் பெயரையும் இணைப்பு நான்கையும் இந்த மனுவில் சேர்ப்பதற்கு.
4. ஹேஸல் ஆன் கோம்ப்ஸ் மெழுகுப் பென்சிலால் தன் கைப்பட எழுதிய தன் முழுப் பெயர். "போன்ல பேசின அந்த அத்தைக்கு" என்று சொல்லி, அவளாகவே எழுதிக் கொடுத்தாள். பக்கத்தில் இருப்பது சூரியன். சென்ற செப்டம்பரில் இந்தக் குழந்தைக்குப் பென்சில் பிடிக்கத் தெரியாது. இடையில் நான் வேலை எதுவும் பார்க்கவில்லை, விளையாடிக்கொண்டுதான் இருந்தேன்.