பூட்டைத் திறந்த புளுகு

அன்புள்ள மருமகளுக்கு,

மாமாவின் ஆசீர்வாதம். நானும் உன் அத்தையும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், அடக்க முடியவில்லை. நீ வெளியூர் போனபோது விட்டுப்போன தையல் கடை கைமாறியாச்சு. தையல் மெஷின்கள் எல்லாம் இப்போது என் வீட்டுக் கூடத்தில்.

எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பதால் உன் கடைச் சொந்தக்காரருக்குத் தெருவில் நாளைக்கு ஐயா என்றே பெயர் வைத்துவிட்டேன். ஒப்பந்தப்படி கடையைக் காலி செய்வதாக நீ கொடுத்த நோட்டீஸை வாங்கினவர், சாவியை மட்டும் தொடமாட்டேன் என்றார். சாவி வாங்காதவரை வாடகை ஓடும், அதுவரை மெஷின் நகராது என்று உன் பூட்டுக்கு மேலே தன் பூட்டையும் போட்டார். நான் போகும்போதெல்லாம் குளிக்கிறார், தூங்குகிறார், ஊரில் இல்லை. செருப்பு மட்டும் வாசலில் கிடக்கும். வெறுங்காலோடவா ஊருக்குப் போனார் என்று அவர் சம்சாரத்தைக் கேட்டேன். அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்புறம்தான் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் காதைக் கடித்தார். உன் கடையை நாளைக்கு ஐயா ஒரு மருந்துக்கடைக்காரருக்குப் பேசி முடித்து முன்பணமும் வாங்கியாச்சாம். உன்னிடமும் கறப்பது, அவரிடமும் கறப்பது. எனக்கு வந்த கோபத்தில் தெருவே நடுங்கியது. நான் டீ குடிக்கப் போனதாக உன் அத்தை சொல்வாள், நம்பாதே.

டீக்கடையில்தான் ஆரம்பித்தேன். மருமகள் காலி செய்யவில்லை, ஒப்பந்தத்தின் மிச்சக் காலம் முழுக்க இருப்பாள், அதற்கு மேலும் பத்து வருஷம் கேட்பாள், சுவரை இடித்து மாடிப்படி வைக்க இன்ஜினீயர் வருகிறார் என்று அளந்துவிட்டேன். சொல்லச் சொல்ல, நீ வந்துவிட்டது போல எனக்கே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நாளைக்கு ஐயா என் வாசலில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இன்னைக்கே காலி பண்ணிக் கொடுங்க என்றார். அந்த வாயிலிருந்து இன்னைக்கே என்று கேட்க நான் கொடுத்துவைத்திருந்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, மருமகளைக் கேட்கணும், நாளைக்குப் பார்க்கலாமே என்றேன். மனுஷர் அழாத குறை. ஒப்பந்தம் முடிந்தது, சாவி வாங்கிக்கொண்டேன், இனி வாடகை இல்லை என்று எழுதிக் கொடுத்தார், ஜெராக்ஸ்காரர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். உன் முன்பணத்தையும் நாளைக்கு ஐயா அங்கேயே வைத்தார். மெஷின் தூக்க அவரும் ஒரு கை கொடுத்தார் என்று யாராவது சொன்னால், முக்கால்வாசி பாரம் என் தோளில்தான்.

ஒரே தொல்லை, நீ எப்போது வருகிறாய் என்று தெருவே கேட்கிறது. டீக்கடைக்காரர் மகள் தைக்கத் துணியே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். உன் அத்தையும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி மடித்து வைத்திருக்கிறாள். மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். இடைஞ்சல் என்று அவள் வாயே திறக்கவில்லை. தினமும் துடைத்து எண்ணெய் விடுகிறாள்.

லாரி அனுப்புவதாக எழுதியிருந்தாய். லாரிக்காரனுக்கு ஊசிக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது, அவனிடம் தரமாட்டேன். நீயே வந்து பக்கத்தில் நின்று ஏற்று. அவசரம் ஒன்றும் இல்லை, நாளைக்கு வந்தால் போதும்.

கை நிறைய வேலையோடு நன்றாக இரு.

உன் வரவை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும்
மாமா