பரபக்கம் மட்டும் பேசினேன், அம்மா

என் செல்ல அம்மாவுக்கு,

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வார்டனின் செருப்புச் சத்தம் கிட்டே வரும்போதெல்லாம் டோர்ச்சை அணைத்துவிட்டு, தூங்குகிறவள் மாதிரி மூச்சு விடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே.

நாளைக் காலைக் கூட்டத்தில் நான் எல்லார் முன்னாலும் ஒரு வசனம் சொல்ல வேண்டும். “டீச்சர் சொல்லித் தந்ததைத்தான் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.” அவ்வளவுதான். சொன்னால் விடுதியில் இருந்து உயர்தரப் பரீட்சை எழுதலாம். சொல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புசல்லாவைக்குத் திரும்ப வேண்டும். அப்பாவுக்குத் தகவல் போய்விட்டது. முதல் பஸ்ஸில் வருகிறார்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது. நீ எங்கே கேட்கப்போகிறாய் என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது. அந்தக் குரலால்தான் இவ்வளவும்.

இந்து நாகரிகப் பாடத்தில் தத்துவப் பிரிவுகள் வருகின்றன. முன்பெல்லாம் நோட்ஸ் எழுதுவோம், பாடமாக்குவோம், பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துவிடுவோம். சாங்கியம், நியாயம், வேதாந்தம் எல்லாம் எனக்கு அடிக்கோடு போட்ட தலைப்புகள், வேறொன்றுமில்லை. இந்த வருஷம் ஒரு தொண்டர் ஆசிரியை வந்தார். நிரந்தர நியமனம் இல்லாதவர். நிறுத்தவேண்டும் என்றால் ஒரு வார்த்தை போதும். அவர் நோட்ஸ் தரவில்லை. இவர்கள் எல்லாம் ஒருவரோடு ஒருவர் வாதாடித்தான் வளர்ந்தார்கள், நீங்களும் வாதாடுங்கள் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். என் சீட்டில் உலகாயதம் வந்தது. கண்ணால் காணாத எதையும் ஒத்துக்கொள்ளாத கட்சி.

இதில் ஒரு முறை இருக்கிறது அம்மா. நம் சைவ சித்தாந்தக்காரர்கள் வாதத்துக்கு வந்தால் எடுத்தவுடன் தங்கள் பதிலைச் சொல்லமாட்டார்கள். முதலில் எதிராளியின் கட்சியை, அந்த எதிராளியே கேட்டுத் தலையாட்டும்படி எடுத்துச் சொல்வார்கள். அதற்குப் பரபக்கம் என்று பெயர். அதன் பிறகுதான் தங்கள் பக்கம், சுபக்கம். எதிராளியை நோஞ்சானாக்கிக் காட்டிவிட்டு ஜெயித்தால் அது ஜெயிப்பே இல்லை என்றார் டீச்சர். ஆகவே முதல் பாடவேளையில் பரபக்கம் பேசுவது, அடுத்ததில் அதற்குப் பதில் சொல்வது என்று ஏற்பாடு.

நான் எழுந்து நின்றேன். வெற்றிலையில் சிவப்பு இல்லை, பாக்கில் இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை. சேர்த்து மென்றால் வாய் சிவக்கிறது, உயிரும் அப்படித்தான் என்றேன். இது உலகாயதர் சொன்னது. துப்பிய பிறகு அந்தச் சிவப்பு எங்கே போனதென்று யாரும் தேடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அது நான் சொன்னது. சொல்லும்போது, தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டே நீ வெற்றிலை மென்ற வாய்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. வகுப்பு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து, செத்தவர்களுக்குப் படைப்பதைப் பற்றிய அவர்களுடைய வாதம். அதை நம் ஊருக்கு ஏற்றமாதிரி மாற்றினேன். “இங்க வைக்கிற சோறு செத்தவங்களுக்குப் போய்ச் சேருமுன்னா, நாவலப்பிட்டிக்குப் போறவருக்கு எதுக்குச் சோறு கட்டிக் குடுக்குறோம்? வீட்டுலயே எல போட்டுட்டா, அவரு பஸ்ஸுல ஒக்காந்து ஏப்பம் விடுவாரே.”

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்தான் அதிபர் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில், கண்டி டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு ஐயா. அவருடைய அம்மாவின் திவசத்துக்கு வருஷாவருஷம் எங்கள் விடுதிக்குச் சாப்பாடு போடுகிறவர். அன்றைக்குத்தான் அந்தத் திவசம். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். மணியும் அடித்தது. பதில் சொல்லவேண்டிய பாடவேளை வரவே இல்லை.

அதிபரைக் கெட்டவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை. நீ போன பிறகு, இனி இவள் படித்தது போதும் என்று சொன்ன அப்பாவிடம், தோட்டத்தில் நம் லய வீட்டுக்கே வந்து மன்றாடியவர் அவர்தான். அறைக்குக் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார். படிப்பு என்றால் பெரியவர்கள் கண்டு சொன்னதைச் சிந்தாமல் வாங்கி வைத்துக்கொள்வது, வாங்க முந்தியே கொட்டிப் பார்ப்பதில்லை என்றார். தோட்டத்துச் சனங்கள் நம்பித்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், இந்தப் பேச்சு வெளியே போனால் அடுத்த வருஷம் எத்தனை பேர் அனுப்புவார்கள் என்று கேட்டார். கடைசியில், “நீ சொந்தமா பேசலன்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார். மற்றது என்றால் டீச்சரை நிறுத்துவது.

பக்கத்துக் கட்டில் வசந்தி மூன்று நாளாக என்னை “ஏய் வெத்தல” என்றுதான் கூப்பிடுகிறாள். இன்றைக்கு மட்டும் கேலி இல்லை. “ஒத்த வசனம்டி. டீச்சருக்கு வேற ஸ்கூல் கெடைக்கும். ஒனக்கு வேற விடுதி கெடைக்குமா?” என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்பா போனில் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். “சொல்லச் சொன்னதச் சொல்லிரு புள்ள. ஒங்கம்மா இருந்தாலும் இதத்தான் சொல்லுவா.” சொல்வாயா? உண்மையாகவே சொல்வாயா அம்மா?

இரண்டு தரம் எழும்பி வாளித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தேன். படுத்துக்கொண்டே, நான் பேசாமல் விட்ட சுபக்கத்தை யோசித்துப் பார்த்தேன். ஒரு விஷயத்தை அறிய மூன்று வழி என்பார்கள் சித்தாந்திகள். காட்சி, கருதல், உரை. கண்டு அறிவது, ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் சொல்லி அறிவது.

உன் சாவு எனக்கு உரையாகத்தான் வந்தது. மலையில் குளவிக் கூடு கலைந்துவிட்டது, அம்மாவைக் கொட்டிவிட்டது என்று அதிபர்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால், வீங்கிப்போன அந்த முகம் உன் முகமே இல்லை. கண்ணை மட்டும் நம்புகிறவளாக இருந்திருந்தால், இது வேறு யாரோ என்று திரும்பிவந்திருப்பேன். அப்பா, “அம்மாதான் புள்ள” என்றார். நம்பினேன். கண் சொல்லாததை அப்பாவின் வார்த்தை சொன்னது. உலகாயதருக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் பதில் இது ஒன்றுதான். எந்த நோட்ஸிலும் இல்லாத பதில்.

ஆனால் உரை என்பது அறிவாக வேண்டுமென்றால், சொல்கிறவர் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். அதுவும் சித்தாந்திகளே போட்ட நிபந்தனை. அந்தச் சித்தாந்தத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் நாளைக்கு என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார்கள். இதை நினைத்ததும் பயம் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கூடிவிட்டது. இனித் தெரியாமல் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாதே.

நாளைக்குக் கூட்டத்துக்கு வரும் அந்தக் கடைக்கார ஐயாவிடம் மன்னிப்புக் கேட்பேன். அவருடைய அம்மாவுக்காகப் போட்ட சோற்றைச் சாப்பிட்டவள் நான், அவர் காது கேட்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்தச் சோற்று வசனம் என்னுடையது. டீச்சர் அதைச் சொல்லித் தரவில்லை. எதிராளியைக் குறைக்காமல் பேசு என்றுதான் சொன்னார். இதைச் சொல்லிவிட்டு, பாக்கி இருக்கும் பதிலையும் சொல்ல விடுங்கள் என்று கேட்பேன். விடுவார்களா, பாதியிலேயே இறக்கிவிடுவார்களா, தெரியாது.

அப்பா பின்வரிசையில் நிற்பார். அமாவாசை தவறாமல் உன் படத்துக்கு முன்னால் இலை போடுகிறவர், அந்தச் சோற்று வசனத்தை முதல்முறையாக என் வாயால் கேட்கப்போகிறார். அதுதான் எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருக்கிறது. நீ இருக்கிறாயா என்று எனக்கு இன்னும் தெரியாது அம்மா. இருந்தால் நாளைக்கு என் பக்கத்தில் வராதே, அவர் பக்கத்தில் நில்.

நான் தனியாக நின்றுகொள்கிறேன். அழுதாலும் அழுவேன். ஆனால் உள்ளதைத்தான் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பெரியபுள்ள,
பவானி