கொழுப்பு கரைக்கும் பொடி

இன்று மதியம் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு பெண் டப்பாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். வறுத்த வெந்தயமும் ஏதோ மருந்தும் கலந்த அதே வாடை. "கொழுப்பு கரையும், ஆயுசு கூடும்" என்றாள். பக்கத்தில் நின்று முறைக்க நீ இல்லை.

இருங்காட்டுக்கோட்டை கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு தோழிகள் நாம் இருவரும் ஒரே வாடகை அறையில் இருந்த காலம். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைக் குண்டு என்று சொல்லிப் போனார்கள். நான் இந்தப் பொடியைக் கரைத்துக் குடித்துக்கொண்டு சோற்றை விட்டேன். நீ டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "உள்ள இன்னா கீதுன்னே போடலியே. இத்த குடிச்சு நூறு வயசு இருந்தது யாராம்?"

மெலிந்தேன். சில மாதங்களில் மாதவிலக்கு நின்றது. பக்கத்து அறைப் பெண்களின் பார்வை என் வயிற்றில் விழத் தொடங்கியது. வீட்டுக்கார அம்மா நேராகவே கேட்டாள்: "யாரும்மா அவன்?" நீதான் குறுக்கே வந்தாய். "அவ துன்றதே இல்ல. மொதல்ல அத்த கேளுங்க."

மறுநாளே லீவு போட்டு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாய். கர்ப்பம் இல்லை என்றார். "கொழுப்பு ரொம்பக் குறைஞ்சா, பிள்ளை சுமக்கத் தெம்பில்லன்னு உடம்பு கருமுட்டை விடறதையே நிறுத்திடும்." நீ அவரையும் விடவில்லை. "வேற காரணம் இல்லன்னு எப்படி மேடம் தெரியும்?" அவர் கோபிக்காமல் தைராய்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அதில் கோளாறு இல்லை.

திரும்பும் பஸ்ஸில் செல்போனில் ஒரு செய்தி படித்தேன். முட்டை உண்டாகாதபடி செய்த ஒரு வகைப் புழு, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு அதிக நாள் வாழ்கிறதாம். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த உனக்குத்தான் ஆயுசு கெட்டி என்றேன். "அது புழுடி" என்றாய். "புழு எந்த கம்பெனில ஷிஃப்ட் பாக்குது?"

நான் தட்டைக் காலி செய்யும்வரை தினமும் எதிரில் உட்கார்ந்திருந்தாய். எல்லாம் சரியானது. பிறகு எனக்குக் கல்யாணம், மகள். உன்னை மட்டும் போன மழைக்காலத்துக் காய்ச்சல் ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது.

சாவு வீட்டில் உன் பெரியப்பா சொன்னார்: "காலாகாலத்துல கட்டிகினு ரெண்டு பெத்திருந்தா உடம்பு தாங்கியிருக்கும்." என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்: "அது எப்படிப் பெரியப்பா உங்களுக்குத் தெரியும்?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனார்.

உன் சந்தேகம் இப்போது என்னுடையது. ஆயுசுக்கு வழி சொல்பவர்களை நம்புவதில்லை. நிலைக்கண்ணாடி சொல்வதைக்கூட இரண்டு முறை யோசிக்கிறேன். பசித்தால் மட்டும் யாரையும் கேட்காமல் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறேன்.