கதவுக்குப் பின்னால் தொங்கிய காதுவில்லைகள்

எல் மெஸ்கித்தால் பண்ணை,
வியாழக்கிழமை

என் கண்ணே நொயெமி,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று குவாதலூப்பே மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். நாங்களும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. இறைச்சி வெட்டும் அந்தக் குளிர் அறையில் உன் விரல் மரத்துப்போவதாகச் சொன்னாயே, ரப்பர் உறைக்குள் கம்பளி உறை போட்டுக்கொள்கிறாயா இல்லையா, வேலை முடிந்ததும் கையை வெந்நீரில் வை, உன் அப்பாவைப் போல வீம்பு பிடிக்காதே. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போன் உன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, நான் சொல்லப் போவதை அவர் பக்கத்தில் நிற்கும்போது சொல்ல முடியாது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பொட்டலத்தில் ஒட்டும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினாயே, மாடு நீ வேலை செய்யும் அந்த நாட்டிலேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது என்று போட்டிருக்குமே, அதை அப்பா ஊர் முழுக்கக் காட்டிவிட்டார். "நம்ம கன்னுக்கு இந்தச் சீட்டெல்லாம் கெடைக்காது, ஆத்துக்கு இந்தப் பக்கம் பொறந்த பாவம்" என்று சொல்லிச் சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது. அந்தச் சீட்டு வந்த பிறகு நம் கன்றுகளைத் தனியாக அடைத்துத் தனியாக வெட்ட வேண்டியிருக்கிறதாம், எல்லை ஆற்றைத் தாண்டி வரும் அக்கரை வியாபாரிகள் முன்னைப்போல ஆசையாக வருவதில்லை, வருகிறவனும் முதலில் காதைப் பிடித்து வில்லையில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறான். போதாததற்குத் தெற்கிலிருந்து சதை தின்னும் புழு வேறு வந்துவிட்டது. எல்லையை அடைப்பதும் திறப்பதுமாக இருக்கிறார்கள். இந்த வருஷக் கன்றுகள் அறுபத்து நாலும் எண் சரியாக இருந்து எப்படியாவது அக்கரை போய்விட்டால் போதும் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பி தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா. போன வருஷம் மழை பொய்த்து மாடுகள் சாகச் சாக அப்பா காதை அறுத்து வில்லையை எடுத்து வந்து அதில் கோர்த்துவைப்பார். செத்ததும் கால்நடை ஆபீசில் எண்ணைக் கொடுத்துப் பதிவை அடித்துவிட்டு வர வேண்டும் என்பது சட்டம். போக நாலு மணி நேரம் வர நாலு மணி நேரம், ஒவ்வொரு சாவுக்கும் யார் போவது, எல்லாவற்றையும் சேர்த்து ஒருநாள் கொண்டுபோகலாம் என்று இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நாமும் செய்தோம். அந்த ஒருநாள் வரவே இல்லை. அப்படிப் பதிவேட்டில் உயிரோடு இருந்த செத்த மாடுகள் நம் வீட்டில் முப்பத்தொன்று.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சிப்ரியானோ வந்தார். உன் ஞானத்தந்தை, உன்னை ஞானஸ்நானத் தொட்டிக்கு ஏந்திக்கொண்டுபோன நாளிலிருந்து எங்களுக்குக் கொம்பாத்ரே, கூடப்பிறந்தவர் மாதிரி; அவரும் அப்பாவைக் கொம்பாத்ரே என்றும் என்னைக் கொமாத்ரே என்றும்தான் கூப்பிடுவார். அப்பா மேய்ச்சலுக்குப் போயிருந்தார். பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்தேன், சாப்பிட்டுவிட்டு, "கொமாத்ரே, முள்ளுக்காட்டுல மாட்டி என் கன்னுங்க காதெல்லாம் கிழிஞ்சு வில்லை போயிடுச்சு. புதுசு எழுதிக் குடுத்தா மூணு மாசம் ஆகுதுங்கறான். செத்ததுங்களோடத ஒரு பத்துப் பன்னெண்டு குடுங்க, அதுங்களுக்கு இனிமே எதுக்கு" என்றார். கொம்பாத்ரே வாய்விட்டுக் கேட்டதை எப்படி இல்லை என்பது? நானே கம்பியை அவிழ்த்துப் பன்னிரண்டு எடுத்துக் கொடுத்தேன். போகும்போது, "கொம்பாத்ரேகிட்ட சொல்ல வேணாம், அவரு சட்டம் பேசுவாரு" என்று சிரித்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். புத்தி கெட்டவள், நானும் கூடச் சிரித்தேன்.

போன வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் ஒரு லாரியை நிறுத்தினார்கள். தெற்கிலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கன்றுகள். ஓட்டுநர் இறங்கி ஓடிவிட்டான், லாரி யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. ஒரு கிடாரியின் காதில் புழு நெளிந்ததாம். வில்லை வெயிலில் வெளுத்த பழசு, அது குத்தியிருந்த புண்ணோ பச்சையாக இருந்திருக்கிறது. சோதித்த அதிகாரி எண்ணைப் பதிவேட்டில் தேடினால் நம் பண்ணைப் பெயர். நொயெமி, அது உன் கொலொந்திரினாவின் எண், நான் சிப்ரியானோவுக்குக் கொடுத்த பன்னிரண்டில் ஒன்று. தாய் செத்ததும் நீ பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாயே, அவளேதான். அவள் செத்த அன்று போனில் நீ அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாளே அதிகாரிகள் வந்து நம் கன்றுகள் ஒன்றுகூட வாசல் தாண்டக் கூடாது என்று தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்பா அவர்கள் முன்னால் மார்தட்டிக்கொண்டு, "என் வீட்டுல இருந்து ஒரு வில்லை நான் குடுத்ததில்ல, என் பொண்டாட்டி குடுத்ததில்ல" என்றார். அப்படியானால் யார் எடுத்தது என்று கேட்டார்கள். அப்பா திரும்பி பசிலியோவைப் பார்த்தார். பதினோரு வருஷமாக நம் மாட்டைப் பார்த்துக்கொள்கிற மனுஷன், உப்புக்கல்லைக்கூடக் கேட்காமல் எடுக்க மாட்டான். "முதலாளி, என்னையா சொல்றீங்க?" என்று ஒரு தடவைதான் கேட்டான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போய்விட்டான். நான் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன சொல்ல. நாளை வெள்ளிக்கிழமை ஆபீசில் பசிலியோ பெயரை எழுதி அப்பா கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் அவனைப் பிடித்து உள்ளே வைப்பார்கள்.

நான்கு நாள் தள்ளிப்போட்டேன். நேற்று காலை, அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொல்லல. நான் கேக்கல" என்றார். பிறகு, "சொன்னா பண்ணையோட பதிவு நம்பரே போயிடும் எர்மினியா. இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவுமே போயிடும். சிப்ரியானோ நம்ம பொண்ணுக்கு ஞானத்தந்தை" என்றார். பசிலியோவுக்கும் ஒரு பெண் இருக்கிறாளே என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். கெட்டவர் இல்லை உன் அப்பா, அது உனக்கும் தெரியும். நாற்பது வருஷம் கட்டியதைக் காப்பாற்றப் பார்க்கிறார், அதற்கு அடுத்தவன் கழுத்து வேண்டியிருக்கிறது.

நாளை விடியற்காலைப் பேருந்தில் நான் ஆபீசுக்குப் போகிறேன். கம்பியில் மிச்சமிருக்கும் பத்தொன்பது வில்லையையும் பையில் போட்டுவிட்டேன். அப்பா கையெழுத்துப் போடும் முன் அந்த மேஜையில் கொட்டி, கொடுத்தவள் நான், வாங்கியவர் இன்னார் என்று சொல்லப் போகிறேன். அதன் பிறகு நம் கன்றுகளை யார் வாங்குவார்கள், உன் அப்பா என்னோடு பேசுவாரா, எனக்குத் தெரியாது. கொலொந்திரினா செத்துவிட்டாள் என்பதையும் அப்போதுதான் எழுதிக்கொள்வார்கள். போகிற வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுவேன்.

மாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. கம்பளி உறையை மறக்காதே. அப்பா போன் செய்து, அம்மா ஏதாவது எழுதினாளா என்று கேட்டால், எழுதினாள் என்றே சொல். என்னைக் காப்பாற்றுவதற்காக நீயும் ஒரு பொய் சொல்லாதே.

உன் அம்மா,
எர்மினியா