யாருடைய ஈஸ்டர்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு இருமல் இல்லை.

விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், ஸ்பெயினிலிருந்து பாரிஸ், வியன்னா, புடாபெஸ்ட் வழியாக ஐந்து ரயில் மாறி நம் ருமேனியாவுக்கு வரத் திட்டம் போட்டேன் அல்லவா? நேற்று டிக்கெட்டுகளை, நான் பார்த்துக்கொள்ளும் எர்மினியா அம்மாளிடம் காட்டினேன்.

"இதெல்லாம் எதுக்கு, வெத்தூரியா?"

"ஈஸ்டருக்கு லீவு குடுத்தீங்களேம்மா."

"ஈஸ்டர் போன மாசமே முடிஞ்சிருச்சே. உனக்குப் பதிலா இருக்கத்தான் என் மகன் லீவு போட்டு வந்தான். நீ என்னடான்னா அவனுக்கும் சேர்த்துச் சமைச்சிட்டிருந்த. நீதான் மனசு மாறிட்டன்னு நெனச்சோம்."

அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஈஸ்டர் ஊர்வல முரசு கேட்டது. அது அவர்களுடைய கத்தோலிக்க ஈஸ்டர், பிந்தி வரும் நம் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நானும் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். லீவு கேட்டபோது யாருடைய ஈஸ்டர் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மகனுக்கு இனி லீவு கிடையாதாம். கிழவியைத் தனியே விட முடியாது. சிரிப்புத்தான் வந்தது, அம்மா.

அண்ணனை ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள். எப்போதும்போல எனக்கென்று ஓர் ஈஸ்டர் முட்டையைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து மாதா படத்தருகே வையுங்கள். எர்மினியா அம்மாள் மணி அடித்துக் கூப்பிடுகிறார், போகிறேன். நான் வராத நான்கு ஈஸ்டருக்கும் வைத்த பழைய நான்கு முட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள்.

வெத்தூரியா