மாஸ்க் போட்ட தம்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு இருமல் மட்டுப்பட்டதா? நீ போனில் பேசும்போது அவர் பக்கத்திலேயே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

போன வாரம் நீ கூப்பிட்டபோது பட்டறையில் கார் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் மாஸ்க்கோடு வீடியோவில் வந்துவிட்டேன். பயப்படாதே, அது பெயின்ட் புகைக்காகப் போடுவது.

நெபுலைசர் மாஸ்க்கைக் கொண்டுபோனாலே உன் கையைத் தட்டிவிடுகிற அப்பா, என்னைப் பார்த்து என்ன சொன்னார்? "பாவம், இந்தத் தம்பிக்கும் மூச்சு வாங்குது போல." அப்புறம் தானும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, மருந்து தீரும்வரை கழற்றவே இல்லை. மறதி வந்தபின் "உங்க புள்ளதாங்க" என்று என் முகத்தைக் காட்டி நீ மல்லுக்கட்டியபோதெல்லாம் இது நடக்கவில்லை.

இனி மருந்து நேரத்தில் கூப்பிடு, மாஸ்க்கோடு வருகிறேன். அவரை நிமிர்த்தி உட்காரவை, கையைப் பிடித்து அழுத்தாதே. மகன் என்று சொல்லாதே. எனக்கு வருத்தமில்லை. எதுவுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை. முடிந்ததும் கட் பண்ணாமல் போனைக் கொஞ்சம் உன் பக்கம் திருப்பு. அடுப்படியைக் காட்டினாலும் போதும்.

இதைக் கொண்டுவரும் நண்பன் கிளம்பி நிற்கிறான். ஒன்று விட்டுப்போனது. அன்று நீ மாஸ்க்கைக் கழுவப் போனபோது அப்பா கேட்டார்: "உன்னைப் பாத்துக்க வீட்ல யாராச்சும் இருக்காங்களா தம்பி?"

"அப்பா இருக்காருங்க" என்றேன். அவருக்கு நிம்மதி.

உன் பெரியவன்