நான் எழுதிக் கொடுத்த வயது

2-10-1955, ஞாயிறு

காலை ஆராதனை. முன் பெஞ்சில் நேசபாயின் மகள் தங்கபாய் பாட்டுப் புத்தகத்தை உள்ளங்கையால் புரட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளெல்லாம் கறுத்து, தோல் வெந்து உரிந்திருந்தது. வெளியே வந்ததும் கேட்டேன். படிப்பை விட்டு மூன்று மாதமாகிறதாம். பாலத்துக்கு அந்தப்புறம் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிறாள். கொட்டையின் மேல்தோட்டு எண்ணெய் பட்டால் கை பொள்ளிவிடும்.

"சாம்பல் தேச்சா அவ்வளவு எரியாது டீச்சர்." எனக்கு அவள் ஆறுதல் சொல்கிறாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பதினான்கு ஆகாதவர்களை ஆலையில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காதே. போய்ச் சொல்ல வேண்டும்.

4-10, செவ்வாய்

சொன்னேன். மேனேஜர் மரியாதையாக நாற்காலி போட்டார். பிறகு பள்ளியிலிருந்து வாங்கிய சான்றை எடுத்து நீட்டினார். பிறந்த வருடம் 1941. அப்படியானால் பதினான்கு முடிந்துவிட்டது. பள்ளியில் வேலையிலிருந்த காலத்தில் பதிவேட்டில் அந்த வருடத்தை எழுதியது நான்.

"நீங்க எழுதின வயசு பொய்யாவா இருக்கும் டீச்சர்?"

எழுந்து வந்துவிட்டேன்.

5-10

ஆம். பொய்தான்.

6-10, வியாழன்

1946. நேசபாய் நடவு வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை விட இடமில்லை. பள்ளி வாசலில் வந்து நின்றாள். குழந்தைக்கு மூன்றரை வயதுகூட ஆகவில்லை. ஐந்து ஆனால்தான் சேர்க்கலாம். இரண்டு வயது கூட்டி எழுதினேன். நல்ல காரியம் செய்ததாகவே இருந்தது.

வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், முதல் வரியில் ஒரு எண் தப்பினால் அது கடைசி விடை வரை கூடவே வரும் என்று. என்னுடையது ஒன்பது வருடம் நடந்து அந்தப் பிள்ளையின் விரலுக்கு வந்திருக்கிறது.

உண்மையை எழுதிக் கொடுத்தால் பென்ஷனை நிறுத்துவார்களோ? முப்பத்தொரு வருட நல்ல பெயர் என்ன ஆகும்? — அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்யப்போகிறேன்?

9-10, ஞாயிறு

போதகர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். தங்கபாய் பிறந்தது 20-1-1943. நேசபாயும் அங்கே வந்தாள். புருஷன் இறந்தபின் பிறந்த ஆண் குழந்தை இடுப்பில், எட்டு மாதம்.

"நீங்க சட்டம் பேசுதிய டீச்சர். இந்தக் கொச்சனை ஆரு கையில குடுத்திட்டு நான் வேலைக்குப் போவேன்? நான் போவ முடியாமத்தான் அவ போறா."

ஒன்பது வருடத்துக்கு முன்பும் இதைத்தான் கேட்டாள். அன்று பொய் எழுதிச் சமாளித்தேன்.

17-10, திங்கள்

பாக்டரி இன்ஸ்பெக்டர் பகவதியப்பனுக்குக் கடிதம். மூன்றைக் கிழித்து நாலாவது. "வயதைத் தெரிந்தே தவறாக எழுதியவள் நான்." கூடவே ஞானஸ்நானப் பதிவின் நகல். நேசபாயின் கைக்குழந்தையைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தேன். அவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தெரியவில்லை. மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

3-11, வியாழன்

இன்ஸ்பெக்டர் வந்தார். என்னையும் அண்டி ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். மேனேஜர் முன்னால் என் கடிதத்தை முழுக்க வாசித்தார். தரையைப் பார்த்து நின்றேன். தங்கபாயின் பெயரை ஆள் பட்டியலிலிருந்து அடித்தார்.

பிறகு, வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர் என்றார். எண்பத்தாறு. ஐம்பதுக்கு மேல் இருந்தால் அவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆலையே ஒரு அறையும் ஆளும் வைக்க வேண்டுமாம், அதுவும் சட்டம்தானாம். மேனேஜர் தயங்கித் தயங்கி ஒரு அறையைத் திறந்தார். கூரை முட்டச் சாக்கு மூட்டைகள்.

"இதுல எந்த மூட்டையில ஓய் தொட்டில் கெட்டுவீரு?"

ஒரு மாதத் தவணை கொடுத்தார் இன்ஸ்பெக்டர். என் விஷயத்தைக் கேட்டேன். கல்வி இலாகாவுக்கு எழுதாமல் இருக்க முடியாது என்றார். சரி என்றேன்.

22-12, வியாழன்

இலாகாவிலிருந்து கண்டனக் கடிதம். நியாயம்தான். பென்ஷனைத் தொடவில்லை.

19-1-1956, வியாழன்

நேசபாய் அண்டி ஆபீசில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. சாக்கு கிடந்த அறையில் இப்போது பதினொரு தொட்டில்கள்; ஒன்றில் அவள் மகன்.

சாயங்காலம் தங்கபாய் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்தாள். பதிவேட்டில் வயதைச் சிவப்பு மையில் திருத்திவிட்டார்களாம். அதில் அவளுக்கு ஒரு குறை. "இதுவரைக்கும் வகுப்புல நாந்தான் மூத்தவ, அக்கான்னு விளிப்பாளுவ. இப்பம் எல்லாவளும் என்னை ஏட்டி, ஏட்டின்னு விளிக்கா டீச்சர்."

விரல்களைக் காட்டச் சொன்னேன். புதுத்தோல் வந்திருக்கிறது, கறுப்பு நகக்கண்ணில் மட்டும்.

நாளை அவளுக்குப் பதின்மூன்று. பாயசம் வைக்கிறேன், வா மக்கா என்றேன்.

வாசல்வரை போனவள் திரும்பிச் சொன்னாள்: "அண்டிப்பருப்பு மட்டும் போடாண்டாம் டீச்சர்."